ஆக்சுவேட்டர் பக்கம் வரவில்லையா: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

தண்டையார்பேட்டையில் எங்கள் அலுவலகம். மணலி பக்கம் உள்ள ஒரு கண்டெய்னர் யார்டின் வெப் அப்ளிகேஷனை நாலு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். எந்த டிரெய்லர் உள்ளே வந்தது, எது வெளியே போனது, எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது எல்லாம் அதில்தான் பதிவாகும். ஜாவாவில் எழுத ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரஸ், கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்ப முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ். பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது நின்றால் கேட்டில் ஸ்லிப் அடிக்காது. ஸ்லிப் இல்லாமல் வண்டி உள்ளே போகாது. கொஞ்ச நேரத்தில் வரிசை மெயின் ரோடு வரை வந்துவிடும். ராத்திரி முழுக்க வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு ஒரு டிரிப் கூலி போகிற விஷயம் அது.

விடியற்காலை நாலரைக்குக் கேட் சூப்பர்வைசர் போன் செய்து, "தம்பி, ஸ்லிப் வரல, வண்டிக்காரங்க சத்தம் போடுறாங்க" என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். இந்த நிலை ரொம்ப நாள் இருந்தது. அதை மாற்றத்தான், ஓடும் அப்ளிகேஷனின் நிலையை வெப் பக்கங்களாகக் காட்டும் ஸ்பிரிங் பூட்டின் ஆக்சுவேட்டரைச் சேர்த்தோம். சேர்த்தது அரை மணி நேரத்தில் முடிந்தது. பக்கம் வராமல் இருந்ததற்குக் காரணம் தேடியதில்தான் நாட்கள் போயின. அப்படித் தேடியதை எல்லாம் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆக்சுவேட்டர் தரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்ட்பாயிண்ட் என்று பெயர். ஓர் எண்ட்பாயிண்ட் உங்கள் கைக்கு வர மூன்று கேட் தாண்ட வேண்டும். முதலில் அது இயக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்து, வெளிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். கடைசியாக, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அது எட்ட வேண்டும். போர்ட், பாஸ்வேர்டு, நடுவில் நிற்கும் என்ஜின்எக்ஸ் எல்லாம் இந்த மூன்றாவதில் சேரும். எந்தக் கேட் மூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் செட்டிங்கைத் தொடாதீர்கள். தெரியாமல் தொடுகிறவர்கள் கடைசியில் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடுகிறார்கள். அதன் விளைவைக் கடைசி அறிகுறியில் சொல்கிறேன்.

செட்டிங் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். ஃபைலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில், புள்ளியும் இணைப்புக்கோடும் மாறாமல் அடியுங்கள்.

எதற்கும் முன்னால்

உங்கள் லேப்டாப் பிரவுசரிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அப்ளிகேஷன் ஓடும் அதே மெஷினுக்குள் போய், கர்ல் கட்டளையில் ஹெடரையும் காட்டும் ஆப்ஷனைப் போட்டு, லோக்கல்ஹோஸ்ட்:8080/ஆக்சுவேட்டர் என்று கேளுங்கள். வெளிப்படுத்தப்பட்ட எண்ட்பாயிண்டுகளின் பட்டியலை அந்தப் பக்கமே தரும். உள்ளே வருகிறது, வெளியிலிருந்து வரவில்லை என்றால் முதல் இரண்டு கேட்டும் திறந்திருக்கின்றன. மூன்றாவதை மட்டும் பார்த்தால் போதும்.

அப்புறம் ஸ்டார்ட்அப் லாக். ஸ்பிரிங் பூட் கிளம்பும்போது, இத்தனை எண்ட்பாயிண்டை இந்தப் பாதைக்குக் கீழே வெளிப்படுத்துகிறேன் என்று ஒரு வரி எழுதும். 'எக்ஸ்போசிங்' என்ற சொல்லைத் தேடினால் கிடைத்துவிடும். எண் 1 என்று இருந்தால், அப்ளிகேஷன் நலமா என்று சொல்லும் ஹெல்த் மட்டும்தான் வெளியே இருக்கிறது. அந்த வரியே இல்லை என்றால், பெரும்பாலும் டிபென்டன்சி, அதாவது ஆக்சுவேட்டருக்கான லைப்ரரி, சேரவில்லை. மேவன் டிபென்டன்சி ட்ரீயில் ஸ்பிரிங்-பூட்-ஸ்டார்ட்டர்-ஆக்சுவேட்டர் இருக்கிறதா பாருங்கள். போம் ஃபைலில் எழுதியிருக்கிறோமே என்று நினைக்காதீர்கள். சர்வரில் ஓடுவது போன வாரத்து ஜாராகக்கூட இருக்கலாம்.

அறிகுறி: 404

404, அதாவது அப்படி ஒரு பக்கம் இல்லை என்ற பதில், வந்தால் முதலில் கேட்க வேண்டியது, அதை யார் சொன்னது என்பதுதான். என்ஜின்எக்ஸ் சொன்னால் வெள்ளைப் பக்கத்தில் எண்ணும், கீழே அதன் பெயரும் இருக்கும். ஸ்பிரிங் சொன்னால் கர்லுக்கு டைம்ஸ்டாம்ப், ஸ்டேட்டஸ், எரர், பாத் என்ற நாலும் ஜேசனாக வரும். பிரவுசரில் ஒயிட்லேபல் பக்கம் வரும். என்ஜின்எக்ஸ் சொன்ன 404-க்கு ஸ்பிரிங் செட்டிங்கை மாற்றிக்கொண்டிருந்தால் பொழுது போகும், பலன் இருக்காது.

ஸ்பிரிங்தான் சொல்கிறது, எந்த ஆக்சுவேட்டர் பக்கமும் வரவில்லை என்றால் பாதையைப் பாருங்கள். பழைய 1.x காலத்தில் ஹெல்த் நேராக வேரிலேயே இருந்தது. 2018 மார்ச்சில் வந்த 2.0-இலிருந்து எல்லாம் /ஆக்சுவேட்டர் கீழே போய்விட்டன. அப்ளிகேஷனின் எல்லாப் பாதைக்கும் முன்னால் வரும் கான்டெக்ஸ்ட் பாத் வைத்திருந்தால் அதையும் முன்னால் சேர்க்க வேண்டும், எங்களுக்கு /யார்டு/ஆக்சுவேட்டர்/ஹெல்த். ஆக்சுவேட்டருக்கென்று மேனேஜ்மென்ட் போர்ட்டைத் தனியாகப் பிரித்திருந்தால் கதை மாறும். அந்தப் போர்ட்டில் கான்டெக்ஸ்ட் பாத் ஒட்டாது, பழைய போர்ட்டில் ஆக்சுவேட்டரே இருக்காது. பிரித்த அன்று பலரும் இங்கேதான் மாட்டுவார்கள்.

ஹெல்த் வருகிறது, மற்றது எதுவும் வரவில்லை என்றால் இரண்டாவது கேட். பெரும்பாலான எண்ட்பாயிண்டுகள் இயக்கத்தில்தான் இருக்கின்றன, வெப்பில் வெளிப்படுத்தப்படவில்லை. 2021-இல் வந்த 2.5-க்குப் பிறகு, சொல்லாமல் வெளியே வருவது ஹெல்த் மட்டுமே. அதற்கு முன், அப்ளிகேஷன் பற்றிய குறிப்பைக் காட்டும் இன்ஃபோவும் வந்துகொண்டிருந்தது. அதனால் பதிப்பை ஏற்றிய மறுநாள் இன்ஃபோ காணாமல் போனால் பதற வேண்டாம். எழுத வேண்டிய வரி இதுதான் (கடைசியில் வருவது, அளவீடுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸ் என்ற கருவிக்கான பக்கம்):

மேனேஜ்மென்ட்.எண்ட்பாயிண்ட்ஸ்.வெப்.எக்ஸ்போஷர்.இன்க்ளூட்=ஹெல்த்,இன்ஃபோ,புரோமிதியஸ்

'எண்ட்பாயிண்ட்ஸ்' என்பதன் கடைசி எஸ்ஸைக் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான செட்டிங்கில் எஸ் உண்டு. ஹெல்த் விவரம் காட்டு என்பது போல ஒன்றுக்கு மட்டுமான செட்டிங்கில் எஸ் கிடையாது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி அந்த எஸ்ஸை விட்டுவிட்டான். ஸ்பிரிங் எந்த எச்சரிக்கையும் தரவில்லை, அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் கிளம்பிவிட்டது. "அண்ணே, நான் கரெக்டாத்தான் போட்டிருக்கேன்" என்று அவனும், ஆமாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நானும், ஒரு சாயங்காலம் முழுக்க அதே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படித்தபோதுதான் பிடிபட்டது.

வரி சரியாக இருந்தும் எடுபடவில்லையா? அதை வேறு ஏதோ மேலெழுதுகிறது. புராடக்‌ஷன் புரொஃபைல் ஃபைலில் அதே செட்டிங் இருந்தால் இரண்டு பட்டியலும் சேராது, பின்னது முன்னதை அப்படியே மாற்றிவிடும். என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தால் அது ஃபைலை மீறும். ஒரே இடத்தில் யாமலும் புராபர்ட்டீஸும் இருந்தால் புராபர்ட்டீஸ் ஜெயிக்கும். எக்ஸ்குளூட் பட்டியலில் ஒரு பெயர் இருந்தால், இன்க்ளூடில் எத்தனை முறை எழுதினாலும் அது வராது.

யாமலில் நட்சத்திரக் குறி போடுகிறவர்கள் மேற்கோளுக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் அப்ளிகேஷன் கிளம்பவே கிளம்பாது. அதைப் போடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வேண்டியதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

புரோமிதியஸ் மட்டும் 404 என்றால் மைக்ரோமீட்டர்-ரெஜிஸ்ட்ரி-புரோமிதியஸ் என்ற டிபென்டன்சி இல்லை. ஆக்சுவேட்டர் ஸ்டார்ட்டரோடு அது வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். ஷட்டவுன் மட்டும் 404 என்றால் அது முதல் கேட்டிலேயே மூடி வைக்கப்பட்டது, அப்படியே இருக்கட்டும். 3.4 பதிப்பிலிருந்து எனேபிள்ட் என்ற செட்டிங்குக்குப் பதில் ஆக்செஸ் வந்திருக்கிறது. 'நன்', 'ரீட்-ஒன்லி', 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மூன்று மதிப்பு. புது புராஜெக்ட் என்றால் அதையே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: 401, 403, அல்லது லாகின் பக்கத்துக்குத் தள்ளுகிறது

இதைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். இரண்டு கேட் திறந்துவிட்டன, மூன்றாவதில் காவல்காரர் நிற்கிறார் என்று அர்த்தம். ஸ்பிரிங் செக்யூரிட்டி இருந்து, யார் எந்தப் பக்கத்துக்குப் போகலாம் என்று விதிக்கும் ஃபில்டர் செயின் எதையும் நீங்களாக எழுதவில்லை என்றால், ஹெல்த் தவிர மற்ற ஆக்சுவேட்டர் பக்கங்கள் தானாகவே பூட்டப்படும். நீங்கள் ஒரு செயின் எழுதிய நிமிஷமே அந்தத் தானியங்கிப் பூட்டு விலகிக்கொள்ளும். அப்புறம் ஹெல்த் உட்பட எல்லாம் நீங்கள் எழுதிய விதிப்படிதான். நேற்று வரை வந்த ஹெல்த் இன்று லாகின் பக்கத்துக்குத் தள்ளுகிறது என்றால் யாரோ புதிதாகச் செயின் எழுதியிருக்கிறார்கள்.

ஆக்சுவேட்டருக்கென்று தனிச் செயின் எழுதுங்கள். 'எண்ட்பாயிண்ட்ரிக்வெஸ்ட்' கிளாஸை வைத்துப் பொருத்தினால், நாளைக்குப் பாதையை மாற்றினாலும் விதி உடையாது. அதில் ஹெல்த்தை மட்டும் எல்லாருக்கும் விட்டு, மற்றதற்கு ஒரு தனி ரோல் கேட்டு, பேசிக் ஆத் வையுங்கள். வரிசை எண்ணில் இந்தச் செயின் முதலில் வர வேண்டும்.

கெட் வேலை செய்கிறது, போஸ்ட் மட்டும் 403 என்றால், வேறு தளம் உங்கள் பெயரில் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பு. ஓடுகிறபோதே லாக் அளவை மாற்ற லாக்கர்ஸ் எண்ட்பாயிண்டுக்குப் போஸ்ட் அனுப்பும்போது இது வரும். அந்தத் தனிச் செயினில் மட்டும் சிஎஸ்ஆர்எஃப்பை விலக்குங்கள். அப்ளிகேஷன் முழுவதற்கும் அணைத்துவிட வேண்டாம்.

அறிகுறி: பக்கம் வருகிறது, உள்ளே ஒன்றும் இல்லை

இன்ஃபோ வெறும் அடைப்புக்குறியைக் காட்டினால், 2.6 பதிப்பிலிருந்து 'இன்ஃபோ.' என்று தொடங்கும் செட்டிங்குகள் தானாக அங்கே வராது என்பது காரணம். மேனேஜ்மென்ட்.இன்ஃபோ.என்வ்.எனேபிள்ட்=ட்ரூ போடுங்கள். ஹெல்த்தில் 'அப்' என்ற ஒரே சொல் மட்டும் வந்தால் அது இயல்பு. விவரம் வேண்டும் என்றால் மேனேஜ்மென்ட்.எண்ட்பாயிண்ட்.ஹெல்த்.ஷோ-டீட்டெய்ல்ஸ் என்பதற்கு 'வென்-ஆதரைஸ்ட்' கொடுங்கள், 'ஆல்வேஸ்' வேண்டாம். டேட்டாபேஸ் எது, டிஸ்க்கில் எவ்வளவு காலி என்பதெல்லாம் போகிறவர் வருகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அறிகுறி: ஹெல்த் 503 சொல்கிறது, ஆனால் அப்ளிகேஷன் நன்றாகத்தான் ஓடுகிறது

கிளாஸ்பாத்தில் டேட்டாபேஸ், ரெடிஸ், மெயில் என்று எதெது இருக்கிறதோ அதற்கெல்லாம் ஸ்பிரிங் பூட் தானாக ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று 'டவுன்' என்றாலும் மொத்தமும் 'டவுன்', பதில் 503. டிஸ்க் சோதனை 10 எம்பிக்குக் கீழே போனால்தான் கத்தும். அதற்குள் லாக் எழுதவே இடமிருக்காது, எல்லையை நீங்களே உயர்த்தி வையுங்கள்.

எங்களுக்கு இது புரிந்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் சமயத்தில். எண்ணூர், மணலி பக்கமெல்லாம் தண்ணீர். யார்டின் வெளி நெட் அறுந்துவிட்டது. ஆனால் சர்வர் யார்டுக்குள்ளேயே மேடான ஓர் அறையில், ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. உள் நெட்வொர்க் நன்றாக இருந்தது. பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கவாவது அப்ளிகேஷன் வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அரை நிமிஷத்துக்கு ஒரு முறை ஹெல்த்தைக் கேட்டு, 200 வராவிட்டால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும் ஒரு ஸ்கிரிப்டை நாங்களே வைத்திருந்தோம். மெயில் சர்வர் வெளியே இருந்தது. மெயில் சோதனை தோற்றது, ஹெல்த் டவுன் ஆனது, ஸ்கிரிப்ட் ரீஸ்டார்ட் செய்தது. ஸ்பிரிங் கிளம்பி நிமிர்வதற்குள் மறுபடியும் ரீஸ்டார்ட். எந்தப் பழுதும் இல்லாத அப்ளிகேஷனை நாங்களே திரும்பத் திரும்பக் கொன்றுகொண்டிருந்தோம். தண்ணீரில் நடந்து போய் லாகைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இதற்கான மருந்து 2.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஹெல்த்துக்குக் கீழே லைவ்னஸ், ரெடினஸ் என்று இரண்டு குழு. லைவ்னஸ் கேட்பது, இந்தப் புராசஸ் உயிரோடு இருக்கிறதா, ரீஸ்டார்ட் செய்தால்தான் பிழைக்குமா என்று. ரெடினஸ் கேட்பது, இப்போது வேலை கொடுக்கலாமா என்று. குபர்நெட்டிஸில் ஓடினால் இவை தானாக வரும். மற்ற இடத்தில் மேனேஜ்மென்ட்.எண்ட்பாயிண்ட்.ஹெல்த்.புரோப்ஸ்.எனேபிள்ட்=ட்ரூ போட வேண்டியிருக்கும். ரீஸ்டார்ட் செய்யும் எதுவாக இருந்தாலும் லைவ்னஸை மட்டும் பார்க்கட்டும். லைவ்னஸில் டேட்டாபேஸையோ மெயிலையோ சேர்க்காதீர்கள். டேட்டாபேஸ் படுத்தால் அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்வதால் டேட்டாபேஸ் எழுந்துவிடாது.

மெயில் சோதனையே தேவையில்லை என்றால் மேனேஜ்மென்ட்.ஹெல்த்.மெயில்.எனேபிள்ட்=ஃபால்ஸ்.

அறிகுறி: ஹெல்த் சில நேரம் உடனே வருகிறது, சில நேரம் முக்கால் நிமிஷம் ஆகிறது

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். பக்கம் மெதுவாக வருவதே ஒரு செய்தி.

ஒரு காரணம் எளிது. ஜாவா மெயிலுக்கு டைம்அவுட் வைக்காவிட்டால் அது காலவரையறை இல்லாமல் காத்திருக்கும். மெயில் சர்வர் பதில் சொல்லாமல் இருந்தால் ஹெல்த்தும் அதோடு தொங்கும். கனெக்‌ஷன், ரீட், ரைட் மூன்றுக்கும் டைம்அவுட் வையுங்கள்.

இன்னொரு காரணம் கனெக்‌ஷன் பூல். டேட்டாபேஸுக்கான இணைப்புகளை முன்பே திறந்து வைத்துப் பகிர்ந்து கொடுக்கும் இடம் அது. ஸ்பிரிங் பூட்டில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஹிகாரி பூலில் நீங்கள் மாற்றாதவரை 10 கனெக்‌ஷன்தான். பதினோராவது ஆள் 30 விநாடி வரை காத்திருப்பார், கிடைக்காவிட்டால் பிழை. டேட்டாபேஸ் ஹெல்த் சோதனையும் அதே பூலில்தான் வரிசையில் நிற்கிறது. எங்கள் யார்டில் மாதக் கடைசியில் பில்லிங் பக்கம் பெரிய ரிப்போர்ட் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு கனெக்‌ஷனை ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டது. பத்து பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் கேட் ஸ்லிப்புக்குக் கனெக்‌ஷன் இல்லை. டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்தால் அது பெரிதாகச் சிரமப்படவே இல்லை. அதனால் நாங்கள் நெட்வொர்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

புரோமிதியஸ் பக்கத்தைத் திறந்து ஹிகாரி என்று தேடினால், ஆக்டிவ் எத்தனை, ஐடில் எத்தனை, பெண்டிங் எத்தனை என்று மூன்று வரி இருக்கும். அன்றைக்கு ஆக்டிவ் 10, ஐடில் 0, பெண்டிங் ஏறிக்கொண்டே போனது. பெண்டிங் பூஜ்யத்துக்கு மேல் நின்றாலே பூலில் கூட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பூலை 50 ஆக்குவது சுலபம், நாங்கள் செய்யவில்லை. ரிப்போர்ட்டுக்குத் தனியாக இரண்டு கனெக்‌ஷன் மட்டும் உள்ள வேறொரு பூலை வைத்தோம். ரிப்போர்ட் எடுப்பவர்கள் கொஞ்சம் காத்திருக்கலாம், கேட்டில் நிற்கும் வண்டி காத்திருக்கக் கூடாது.

இதே நெரிசல் இன்னும் முற்றினால் ஆக்சுவேட்டரே வராது. ஸ்பிரிங் பூட்டுக்குள் ஓடும் வெப் சர்வரான டாம்கேட்டில் தானாக இருப்பது 200 த்ரெட். அத்தனையும் பூலுக்காகக் காத்து நின்றால், ஹெல்த்தைக் கேட்கும் கோரிக்கைக்கும் த்ரெட் கிடைக்காது. நோயாளி பேச முடியாத நேரத்தில்தான் நாம் நாடி பார்க்கப் போகிறோம். மேனேஜ்மென்ட்.சர்வர்.போர்ட் என்பதைத் தனியாக வைத்தால் அதற்கென்று தனி சர்வர், தனி த்ரெட். பிரதான போர்ட் திணறும்போதும் அளவீடு வந்துகொண்டிருக்கும். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. பிரதான போர்ட் செத்துக் கிடக்கும்போதும் தனி போர்ட் 'அப்' என்றே சொல்லும். அதனால் புரோப்ஸ்.ஆட்-அடிஷனல்-பாத்ஸ் செட்டிங்கை ட்ரூ ஆக்கி, லைவ்னஸையும் ரெடினஸையும் மட்டும் பிரதான போர்ட்டிலும் /லைவ்இசட், /ரெடிஇசட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட், அல்லது டைம்அவுட்

ரெஃப்யூஸ்ட் என்றால் அந்த முகவரியில் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டைம்அவுட் என்றால் நடுவில் யாரோ விழுங்குகிறார்கள், பெரும்பாலும் ஃபயர்வால். எஸ்எஸ் கட்டளையில் எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால் அந்த மெஷினுக்குள் மட்டும்தான்.

டாக்கரில் இது இன்னும் குழப்பும். (யார்டில் கண்டெய்னர் என்றால் இரும்புப் பெட்டி, இங்கே சொல்வது டாக்கர் கண்டெய்னரை.) அதற்குள் மேனேஜ்மென்ட்.சர்வர்.அட்ரஸ் 127.0.0.1 என்று வைத்தால், அந்த 127 கண்டெய்னரின் 127. ஹோஸ்டிலிருந்து போர்ட்டைத் திறந்துவிட்டாலும் எட்டாது. உள்ளே எல்லா முகவரியிலும் கேட்க விட்டு, வெளியே போர்ட் திறக்கும் வரியில் 127.0.0.1:8081:8081 என்று கட்டுப்படுத்துங்கள். முன்னால் உள்ள முகவரியை விட்டுவிட்டால், டாக்கர் தானே ஐபிடேபிள்ஸில் வழி போட்டுக்கொள்ளும். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அடைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது.

மேனேஜ்மென்ட் போர்ட்டுக்கு 9090 வைத்துவிட்டு, அதே மெஷினில் புரோமிதியஸும் ஓடினால் மோதும். புரோமிதியஸ் தானாக உட்காருவது 9090-இல்தான்.

அறிகுறி: கர்லில் வருகிறது, புரோமிதியஸில் டார்கெட் 'டவுன்'

டார்கெட் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கும், அதை முழுசாகப் படியுங்கள். 404 என்றால் பாதை. புரோமிதியஸ் நீங்கள் சொல்லாதவரை /மெட்ரிக்ஸைத்தான் கேட்கும். அதை /ஆக்சுவேட்டர்/புரோமிதியஸ் என்று மாற்ற வேண்டும். /ஆக்சுவேட்டர்/மெட்ரிக்ஸ் என்று கொடுக்கிறவர்கள் உண்டு. அது மனிதர் பார்க்கிற ஜேசன், புரோமிதியஸுக்குப் புரியாது. 401 என்றால் ஸ்கிரேப் செட்டிங்கில் பேசிக் ஆத் விட்டுப்போயிருக்கிறது. 'கான்டெக்ஸ்ட் டெட்லைன் எக்சீடட்' என்றால் 10 விநாடிக்குள் பதில் வரவில்லை.

அறிகுறி: புரோமிதியஸ் பக்கம் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகிறது

முதல் வாரம் சில நூறு வரி இருந்தது. மூன்றாவது வாரம் பக்கம் திறக்கவே நேரமானது, மெமரியும் ஏறியது. காரணம் நாங்கள் எழுதிய ஒரு கவுன்ட்டர். கேட்டில் பெட்டி நுழையும்போது ஒன்று கூட்டும் அந்த எண்ணிக்கைக்கு, பெட்டி எண்ணையே டேக்காக வைத்திருந்தோம். பெட்டி எண் என்பது நாலு எழுத்தும் ஏழு இலக்கமும், ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு. ஆக ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு புது வரி. பெட்டி கப்பல் ஏறிப் போன பிறகும் அந்த வரி மெமரியில் இருக்கும், ரீஸ்டார்ட் வரை. டேக்கில் கேட் எண், 20 அடியா 40 அடியா, உள்ளேயா வெளியேயா என்பதை மட்டும் வையுங்கள். ஒரு குறிப்பிட்ட பெட்டி எப்போது வந்தது என்பதை லாகிலும் டேட்டாபேஸிலும் தேடிக்கொள்ளலாம்.

அறிகுறி: வெளியிலிருந்தும் எல்லாம் தெரிகிறது

இதற்கு எந்த எரரும் வராது. நீங்களாகப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

ஆரம்பத்தில் ஏதோ ஒரு 404-ஐத் தீர்க்க நாங்களும் நட்சத்திரக் குறி போட்டோம், சரியானதும் எடுத்துவிடலாம் என்று. எடுக்கவில்லை. ஒரு நாள் திருவொற்றியூர் ஹைரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் எங்கள் முகவரியோடு ஆக்சுவேட்டர், ஹீப்டம்ப் என்று அடித்துப் பார்த்தேன். டவுன்லோட் ஆரம்பித்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

ஹீப்டம்ப் என்பது அந்த நொடியில் ஜாவா மெமரியில் இருக்கும் அத்தனையும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, உள்ளே இருப்பவர்களின் செஷன், கடைசியாக அடித்த ஸ்லிப்பில் டிரைவரின் பெயர், போன் நம்பர், எல்லாம். செட்டிங் மதிப்புகளைக் காட்டும் என்வ் பக்கத்தில் பாஸ்வேர்டை நட்சத்திரமாக மறைக்கிறதே என்றால், அந்த மறைப்பு ஹீப்டம்புக்குக் கிடையாது. 3.0-இலிருந்து என்வ் எல்லா மதிப்பையும் மறைக்கிறது, 3.5-இலிருந்து ஹீப்டம்ப் தானாகவே மூடிக் கிடக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள். 2022 மார்ச்சில் ஸ்பிரிங் கிளவுட் கேட்வேயில் வந்த சிவிஇ-2022-22947 ஓட்டையும் இப்படித்தான்: கேட்வேயின் ஆக்சுவேட்டர் எண்ட்பாயிண்ட் இயக்கத்தில் இருந்து, வெளியே தெரிந்து, காவலும் இல்லாமல் இருந்தால், வெளியாள் உங்கள் சர்வரில் கோடையே ஓட்டலாம்.

திறந்து கிடந்தது தெரிந்தால் இந்த வரிசையில் போங்கள். முதலில் என்ஜின்எக்ஸில் ஆக்சுவேட்டர் பாதைக்கு 404 திருப்பச் சொல்லுங்கள். அப்ளிகேஷனைத் தொடாமல் ஒரு நிமிஷத்தில் ஆகும். அடுத்து இன்க்ளூட் பட்டியலைச் சுருக்கி, மேனேஜ்மென்ட் போர்ட்டைப் பிரித்து, என்ஜின்எக்ஸ் அந்தப் போர்ட்டுக்கு வழியே காட்டாதபடி வையுங்கள். பிறகு என்ஜின்எக்ஸ் ஆக்செஸ் லாகில் ஹீப்டம்ப், என்வ் என்று தேடி, 200 பதிலும் பெரிய பைட் அளவும் உள்ள வரிகளை எடுங்கள். ஒரு வரி கிடைத்தாலும் அந்த மெமரி வெளியே போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வரி எதுவும் கிடைக்காவிட்டாலும், லாக் எத்தனை நாளுக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எங்களிடம் இரண்டு வாரத்துக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் யாரும் எடுக்கவில்லை என்று சொல்ல எங்களால் முடியவில்லை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, எஸ்எம்எஸ் சாவி, டோக்கன் கையெழுத்துச் சாவி மூன்றையும் அன்றிரவே மாற்றி, எல்லா செஷனையும் வெட்டினோம். கேட்டில் எல்லாரும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருந்தது. யார்டு மேனேஜரிடம் காலையில் நேரில் போய், என்ன நடந்தது, எந்த விவரம் வெளியே போயிருக்கக்கூடும் என்று சொன்னோம்.

இப்போது டிப்ளாய் ஸ்கிரிப்டின் கடைசி அடியில், யார்டு நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள ஒரு சின்ன மெஷினிலிருந்து ஹீப்டம்ப், என்வ், லாக்கர்ஸ் மூன்றையும் கர்லில் கேட்கிறோம். மூன்றுக்கும் 404 வந்தால்தான் டிப்ளாய் முடிந்தது. ஒன்றுக்கு வேறு பதில் வந்தாலும் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும், எங்கள் நாலு பேர் போனும் அடிக்கும்.